ஏழு பேருக்கு ஒரு நம்பர்

என் போனில் அவள் பேர் ‘ஓடிபி’ என்று இருக்கிறது. சொந்தப் பேர் இல்லாமல் இல்லை, நல்ல பேர்தான். ஆனால் எட்டு வருஷமாக நான் அவளைக் கூப்பிடுவது அந்த ஆறு இலக்கத்துக்காக மட்டும்தான். ஸ்காலர்ஷிப் புதுப்பிக்க வேண்டுமா, டிகிரி சர்டிபிகேட் வாங்க வேண்டுமா, பாஸ்வேர்டு மறந்து போச்சா, எதுவானாலும் கம்ப்யூட்டர் ஒரு பட்டனைக் காட்டும். அதை அழுத்தினால் மெசேஜ் அவள் போனுக்குத்தான் போகும். வேலை நேரத்தில் அவள் போன் கம்பெனி லாக்கரில் இருக்கும் என்பதால், முதல் நாளே கூப்பிட்டு நேரம் கேட்டுக்கொள்ள வேண்டும். “இப்ப அழுத்தாத. நாளைக்கு பத்தரைக்கு டீ பிரேக். அப்ப அழுத்து” என்பாள். மறுநாள் பத்தரைக்குச் சரியாக ஆறு எண்களைச் சொல்லுவாள். வைத்துவிடுவாள். நலம் விசாரிக்கிற ஆள் இல்லை அவள். நானும் விசாரிப்பதில்லை. விசாரிக்க எனக்கு முகம் கிடையாது. ஏன் கிடையாது என்று ஒரு தடவையாவது எழுதிப் பார்த்துவிடலாம் என்றுதான் இது.

பேரைச் சொல்லாமலே விடுகிறேன். சொன்னால் நேரில் வந்து திட்டுவாள். திட்டினால்கூடப் பரவாயில்லை, நின்றுகொண்டே திட்டுவாள், நமக்குக் கழுத்து வலிக்கும்.

அவளால் உட்கார முடியாது. இதை எப்படிச் சொன்னாலும் தெரியாதவர்களுக்குப் புரியாது. சோறு தின்பது நின்றுகொண்டு. படிப்பது நடந்துகொண்டு. பஸ்ஸில் பத்து சீட் காலியாக இருந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் நிற்பாள், கண்டக்டர் கத்துவார். சர்ச்சில் எங்களோடு கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு வந்தவள், ஐயர், அதாவது எங்கள் போதகர், பிரசங்கம் முடிக்கிற வரைக்கும் பின்னால் செருப்புக் கிடக்கிற இடத்தில் அங்கும் இங்கும் நடந்தாள். பார்க்கிற நமக்குத்தான் எரிச்சலாக வரும். “கால் நின்னா மண்டையும் நின்னுடும்” என்பாள். உட்கார்ந்த அவளை நான் பார்த்தது ஒரே ஒரு நாள். அதற்கு வருகிறேன்.

எங்கள் ஊர் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, டவுன்ஷிப் போகிற வழியில். டவுன்ஷிப் என்றால் அணு ஆராய்ச்சி வேலைக்கு வந்தவர்களின் குவார்ட்டர்ஸ். என் அம்மா அங்கே நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தாள், அப்பா கொத்தனார். எங்கள் தாத்தா காலத்தில் எல்லாரும் பண்ணை வேலை. காலேஜ் என்றால் என்ன, அதற்கு எந்தக் கதவைத் தட்டணும் என்று எங்கள் தெருவில் கேட்டால், நீங்கள் கேட்டதையே உங்களிடம் திருப்பிக் கேட்பார்கள்.

அவள் எங்களைவிட ஒரு வருஷம் மூத்தவள். ப்ளஸ் டூவில் நல்ல மார்க். இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் அவளுக்கு சீட்டும் ஒதுக்கினார்கள். ஆனால் அப்ளிகேஷனில் கொடுத்திருந்தது அவள் அப்பா நம்பர். அவர் ஒரு ரிசார்ட்டில் வாட்ச்மேன். அந்த வாரம் பார்த்து அவர் போனில் ரீசார்ஜ் முடிந்து இன்கமிங் நின்றுவிட்டது. மெசேஜ் வரவில்லை. நாமே வெப்சைட்டில் போய்ப் பார்க்க வேண்டும் என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை. ரெண்டு நாளைக்குள் ‘ஏற்கிறேன்’ என்று அழுத்த வேண்டியதை அழுத்தவில்லை. சீட் போச்சு. அப்பாவுக்கு ஒரு வாரம் கழித்துத்தான் விஷயமே தெரியும், பாவம், அவர் போனைச் சுவரில் எறிந்தாராம்.

வீட்டில் அவளுக்கு இன்னும் ஒரே ஒரு வருஷம் கொடுத்தார்கள். கிடைத்தால் காலேஜ், கிடைக்காவிட்டால் கம்பெனி வேன். விடியற்காலை எங்கள் ரோட்டில் வெள்ளை வேன் ஒன்று வரும், பெண்களை அள்ளிக்கொண்டு ஜிஎஸ்டி ரோடு பக்கம் இருக்கிற தொழிற்சாலைக்குப் போகும். அந்த ஒரு வருஷம் அவள் மெயின் ரோட்டு ஜெராக்ஸ் கடையில் வேலைக்கு நின்றாள். நின்றாள் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், ஓனர் போட்ட ஸ்டூலில் ஜெராக்ஸ் பேப்பர் கட்டுதான் உட்கார்ந்திருந்தது.

நாங்கள் ப்ளஸ் டூவுக்கு வந்து மூன்றாவது மாசம், ஆதார் அட்டை லேமினேட் பண்ணக் கடைக்குப் போனோம். எங்களை ஒரு பார்வை பார்த்தாள். “கவுன்சிலிங்னா இன்னான்னு தெரியுமா உங்களுக்கு?” என்று கேட்டாள். “தெரியும்” என்றான் கூட வந்த ஜோசப். எனக்கும் ஜோசப்புக்கும் அடுத்தடுத்த வீடு, அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று எனக்குத் தெரியும். “அப்ப சொல்லு” என்றாள். அவன் முழித்தான். “நாளைக்குக் காலம்பற அஞ்சரைக்கு புயல் பில்டிங்குக்கு வாங்க. வரலன்னா வூட்டுக்கே வருவேன்.”

புயல் வந்தால் ஜனங்களைக் கொண்டுபோய் வைக்க கடற்கரை ஊர்களில் கவர்மெண்ட் கட்டியிருக்கிற பெரிய கூடம் அது. வருஷத்தில் முன்னூற்றைம்பது நாள் பூட்டித்தான் கிடக்கும். சாவி பஞ்சாயத்துத் தண்ணித் தொட்டி ஆபரேட்டரிடம். அவரிடம் எப்படிப் பேசி வாங்கினாளோ தெரியாது, அங்கேதான் எங்கள் குரூப் ஸ்டடி. எட்டு பேர். அவளையும் சேர்த்து எங்கள் தெருப்பக்கத்து ஆட்கள் ஏழு பேர். எட்டாவது நிவேதா, டவுன்ஷிப் பெண், அப்பா நாகர்கோவில் பக்கத்துக்காரர், டவுன்ஷிப்பில் விஞ்ஞானி வேலை. கோச்சிங் கிளாசில் ஒன்றும் ஏறவில்லை என்று சைக்கிளில் வந்து சேர்ந்தாள். வராதவன் வீட்டுக்கு ஜெராக்ஸ் கடைக்காரி நிஜமாகவே வருவாள். ஒரு நாள் நான் தூங்கிவிட்டேன், ஐந்தே முக்காலுக்கு எங்கள் தகரக் கதவில் அவள் போட்ட தட்டில் அப்பா போலீஸ் என்று நினைத்து லுங்கியை அவிழ்த்துக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

அவள் எங்களுக்குச் சொல்லித் தந்தாள் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அவள் ஒரு பாடமும் சொல்லித் தரவில்லை. “எனக்கு மட்டும் இன்னா தெரியும்? நானே பேப்பர் நகலெடுத்துகினு கீறேன்” என்பாள். அவள் வைத்திருந்தது ரெண்டு சட்டம். ஒன்று, வாரப் பரீட்சையில் யார் எல்லாரையும்விடக் குறைவாக வாங்குகிறார்களோ அவர்கள்தான் அடுத்த வாரம் அந்தப் பாடத்தை மற்றவர்களுக்கு நடத்த வேண்டும். ரெண்டு, ‘புரிஞ்சுது’ என்கிற வார்த்தையை யாரும் சொல்லக் கூடாது. சொன்னால் எழுந்து போய்ச் சுவரில் சாக்பீசால் எழுதிக் காட்ட வேண்டும். முதல் மாசம் பூரா வாயைத் திறந்தவர்கள் எல்லாரும் சுவரில் போய் முட்டிக்கொண்டோம். அப்புறம் அந்த வார்த்தை தானாகவே வாயை விட்டுப் போய்விட்டது. இன்றைக்கும் மீட்டிங்கில் யாராவது புரிந்தது என்றால் எனக்குப் பகீர் என்கிறது.

கணக்கில் தொகையீடு என்றால் ஜோசப்புக்குச் சுத்தமாக ஆகாது. அதனால் நாலு வாரம் அவன்தான் தொகையீடு நடத்தினான். முதல் வாரம் அழுதே விட்டான், பெரிய மீசை வேறு. நாலாவது வாரம் ரெண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு வாத்தியார் மாதிரி எங்களைக் கேள்வி கேட்டான். நிவேதா கதை வேறு. அவள் எப்போதும் முதல் மார்க். ஆகவே அவளுக்கு நடத்தவே முறை வரவில்லை. ரெண்டு மாசம் பொறுத்தாள், அப்புறம் ஒரு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, “எனக்கு எப்பம்தான் சான்ஸ் தருவிய?” என்று கேட்டாள். “நீ ஒரு தபா கம்மியா வாங்கு, தர்றோம்” என்றாள் இவள். அடுத்த வாரம் நிவேதா வேண்டுமென்றே வெற்றுத்தாள் கொடுத்துவிட்டு ஒளியியல் நடத்தினாள். வாழ்க்கையில் அவள் முட்டை வாங்கிய ஒரே பரீட்சை அதுதான் என்று இப்போதும் பெருமையாகச் சொல்லுகிறாள்.

வேதியியலுக்குக் கம்பங்கள். எங்கள் ஊரிலிருந்து சவுக்குத் தோப்பு வழியாகக் கடலுக்குப் போகிற ரோட்டில் முப்பத்திரண்டு கரண்டுக் கம்பம். கம்பத்துக்கு ஒரு வினை. நடந்துகொண்டே மனப்பாடம். அவள் முன்னால் வேகவேகமாகப் போவாள், நாங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால். ஒன்பதாவது கம்பத்தில் ஆல்கஹால், பதினேழில் பென்சீன். பதினேழில் ஒரு நாய் படுத்திருக்கும், அதற்கே பென்சீன் என்று பேராகிவிட்டது. நடுவில் கரண்டு ஆபீஸ்காரர்கள் இருபத்திரண்டாவது கம்பத்தைப் பிடுங்கி ரெண்டடி தள்ளி நட்டார்கள், ஜோசப்புக்கு அந்த வினை கடைசி வரைக்கும் வரவே இல்லை. சிரிக்காதீர்கள், பரீட்சை ஹாலில் நான் கண்ணை மூடிக்கொண்டு அந்த ரோட்டில் நடந்துதான் எழுதினேன்.

மழைக்காலத்தில் ஒரு புயல் எச்சரிக்கை வந்தது. கூடத்தைத் திறக்க கிராம நிர்வாக அதிகாரி வந்தார். நாலு சுவரும் ஆள் உயரத்துக்கு சாக்பீஸ். இது யார் வேலை என்று கேட்டார். இவள் நான்தான் என்று முன்னால் போய் நின்றாள். அவர் திட்ட ஆரம்பிக்கும்போதே பாய், பானை, ஆடு சகிதம் நாற்பது குடும்பம் உள்ளே வந்துவிட்டது. அன்றைக்காவது லீவு விடுவாள் என்று நினைத்தோம். எங்கே! பாய்களுக்கு நடுவில் நடந்துகொண்டே கேள்வி கேட்டாள். பால் குடிக்கிற பிள்ளையைத் தாண்டி, ஆட்டைத் தாண்டி, வெங்காயம் உரிக்கிறவளைத் தாண்டி. “எம்மா, பேஜாரா கீது, சித்த உக்காறேன்” என்று ஒரு ஆள் கெஞ்சினார். இவள் காதில் விழுந்த மாதிரியே காட்டவில்லை. புயல் எங்களுக்கு வராமல் வடக்கே போய்விட்டது.

இப்படி ஒரு ஜென்மத்தை யாருக்குப் பிடிக்கும்? எனக்குப் பல நாள் பிடிக்கவில்லை. ஆனால் ஒன்று கவனித்திருந்தேன். நடக்கும்போது அவள் கை அடிக்கடி போனை எடுக்கும். மெசேஜ் பார்க்க இல்லை. ரீசார்ஜ் இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று பார்க்க. முடிய ரெண்டு நாள் இருக்கும்போதே போட்டுவிடுவாள். கடை சம்பளத்தில் அவள் தனக்கென்று செய்துகொண்டது அது ஒன்றுதான். அப்போதெல்லாம் எனக்கு அவள்மேல் ரொம்பப் பிரியமாக இருக்கும். வாயைத் திறந்து சொன்னதில்லை.

பரீட்சை முடிந்து மார்க் வந்தது. ஜெராக்ஸ் கடையில் எல்லாருக்கும் அவளே விண்ணப்பம் போட்டாள். மொபைல் நம்பர் என்ற கட்டம் வந்ததும் கை நின்றது. என் அப்பா நம்பரைச் சொன்னேன். “கடைசியா எப்ப ரீசார்ஜ் போட்டாரு?” எனக்குத் தெரியவில்லை. ஜோசப் வீட்டில் ஒரே போன், அதுவும் அவன் அண்ணனோடு வேலைக்குப் போய்விடும். இன்னொருத்தி வீட்டில் மூன்று மாசத்துக்கு ஒரு புது சிம். எங்கள் பக்கத்து வீடுகளில் எல்லாம் அப்படித்தான், நம்பர் என்பது ஆஃபர் இருக்கிற வரைக்கும்தான். “வாணாம். எல்லாருக்கும் என் நம்பரே போட்டுடறேன். அது சாவாது” என்றாள். நிவேதா மட்டும் அவள் அப்பா நம்பர். மற்ற ஏழு பேருக்கும் ஒரு நம்பர். போன வருஷம் பட்ட அடிக்கு அவள் கண்டுபிடித்த மருந்து அது. எங்களுக்கும் அது மகா புத்திசாலித்தனமாகத்தான் பட்டது.

சீட்டை ஏற்க அழுத்தும்போது வருகிற ஓடிபி மெசேஜில் பேர் வராது என்பது அப்புறம்தான் தெரிந்தது. வெறும் ஆறு இலக்கம். யாருடையது என்று அது சொல்லாது. அதோடு, ஒரு நம்பருக்கு ஒரு நாளைக்கு எட்டு மெசேஜ்தான், ஒன்பதாவது கேட்டால் மறுநாள் வரைக்கும் பூட்டிக்கொள்ளும். இதைக் கடையில் யாருக்கோ போட்டபோது கண்டுபிடித்து வந்து சொன்னாள். நம்பரை மாற்றலாமே என்றால் அதற்குக் கடைசித் தேதி போயிருந்தது. “நாம ஏழு பேரு. மெசேஜ் எட்டு. ஒண்ணுதான் ஸ்பேர். நான் ‘போடு’ன்னு சொல்றப்பதான் அழுத்தணும். ஒரே தபா. வரலன்னா மறுபடி அழுத்தாத, எனக்குப் போன் பண்ணு.” மார்க் குறைந்தவர்கள் முதலில். ஜோசப் முதல் ஆள். நான் ஆறாவது. அவள் ஏழாவது.

எங்கள் ஏழு பேருக்கும் ஒரே சுற்றில் சீட் வந்தது. ரெண்டு நாள் அவகாசம், மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் ஏற்கிறேன் என்று அழுத்த வேண்டும். முதல் நாள் யாருக்கும் தைரியம் வரவில்லை. மாமாவைக் கேட்கணும், ஐயரைக் கேட்கணும் என்று போச்சு. ரெண்டாம் நாள் எல்லாரும் கடைக்கு வந்து வரிசையாக முடிப்பதாக ஏற்பாடு. அன்றைக்குப் பார்த்து எங்கள் பக்கம் பூரா மாதாந்திர மின்தடை. கடை இருட்டு. டவரும் சுணங்கிவிட்டது. நானோ கருங்குழியில் இருந்தேன், பெரியம்மா புது வீட்டு ஜெபக்கூட்டம், அம்மா விடாமல் இழுத்துக்கொண்டு போயிருந்தாள். ஜெராக்ஸ் கடைக்காரி போன் பண்ணினாள். “எவன் எங்க கீறானோ அங்கியே இருங்க. கையில எந்த போன் கெடைக்குதோ அதுல தொறந்து வைங்க. வரிச மாறாது. நான் கம்பத்து ரோட்டுல நடந்துகினு கீறேன், கடல் பக்கம் போனா டவர் வருது.”

பெரியம்மா வீட்டு மொட்டை மாடியில், தண்ணித் தொட்டி நிழலில், பெரியம்மா மகள் போனைக் கையில் வைத்துக்கொண்டு ரெண்டு மணியிலிருந்து நின்றேன். கீழே பாட்டு, ஜெபம், பிரியாணி வாசனை. மூன்று மணிக்கு நாலு பேர் முடிந்தது என்று செய்தி. மூன்றேகாலுக்கு ஐந்தாவதும் முடிந்தது. அடுத்தது நான். கூப்பிடவில்லை. மூன்றரை. கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்கிறது. மூன்றே முக்கால். என்னை மறந்துவிட்டாள் என்று தோன்றியது. அடுத்தது அவளுடைய முறைதானே, முதலில் தன்னுடையதைப் போட்டுக்கொண்டாள் என்று தோன்றியது. சீ, எனக்கு அப்படித்தான் தோன்றியது, மறைக்க மாட்டேன். அழுத்தினேன்.

ஒன்றும் நடக்கவில்லை. ‘மீண்டும் அனுப்பு’ என்று ஒரு நீலப் பட்டன் வந்தது. ஒரு நிமிஷம் அதையே பார்த்தேன். ஸ்பேர் ஒன்று இருக்கிறதே என்று அழுத்தினேன்.  கீழே ஆமென் சொன்னார்கள். மூன்றாவது தடவையும் அழுத்தினேன். அது யாருடையது என்று அந்த நிமிஷம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் அழுத்தினேன்.

அப்புறம் அவள் கூப்பிட்டாள், மூச்சு வாங்கியது. “இப்பதான் டவர் கெடச்சிச்சி, எஸ்தரு. கடைசியா வந்தத சொல்றேன், போடு.” சொன்னாள், போட்டேன், பச்சை டிக் விழுந்தது. “உன்னிது முடிஞ்சிச்சி, வை” என்றாள். கீழே போய்ப் பிரியாணி சாப்பிட்டேன். ரெண்டாந்தரம்கூட வாங்கிக்கொண்டேன்.

நாலு மணிக்கு மேல் ஜோசப் கூப்பிட்டான். அக்கா நம்பர் பூட்டிக்கொண்டது, செங்கல்பட்டு கவுன்சிலிங் உதவி மையத்துக்கு பஸ் ஏறிவிட்டாள் என்றான். அம்மாவிடம் ஒன்றும் சொல்லாமல் ஜிஎஸ்டி ரோட்டுக்கு ஓடிப் போய் பஸ் ஏறினேன். நான் முன்னால் போய் அந்த மையத்தை மூடவிடாமல் பிடித்து வைக்கலாம் என்று ஒரு பைத்தியக்கார எண்ணம். படாளத்தில் ஒருவர் கீரைக்கட்டு ஏற்றுவதற்காக டிரைவர் பஸ்ஸை நிறுத்தினார், அந்தக் கீரையை எல்லாம் நானே தூக்கிப் போட்டேன். போய்ச் சேர்ந்தபோது ஐந்து பத்து. அவள் வந்தது ஐந்தரைக்கு. உள்ளே இருந்த மேடம் நல்லவர்தான், தண்ணீர் கொடுத்தார், கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். ஐந்து மணிக்கே மூடிக்கொண்டது, என் கையில் ஒன்றும் இல்லையம்மா என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவள் உட்கார்ந்தாள்.

ஜன்னல் ஓரம், ரெண்டு கையையும் மடியில் வைத்து, கால் ரெண்டையும் சேர்த்து வைத்து. யாரோ வேறு பெண் மாதிரி இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. எழுந்திருக்கா, படிக்கட்டுப் பக்கம் போய் நில்லுக்கா என்று சொல்ல வேண்டும் போல வந்தது. திருக்கழுக்குன்றம் மலை தெரிந்தது. யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் வாயைத் திறந்தேன்.

“நான் ஒரு தடவதாங்க்கா அழுத்துனேன்.”

அவள் வெளியே பார்த்துக்கொண்டே, “ம்” என்றாள். கொஞ்ச தூரம் போனதும், “நெட்டு பண்ண வேல. வுடு” என்றாள். ஊர் வந்ததும் இறங்கி வேகமாக நடந்து போய்விட்டாள். மற்ற ஐந்து பேரிடமும் அதையேதான் சொன்னாளாம், நெட்டு பண்ண வேலை என்று.

துணைக் கவுன்சிலிங் இருக்கிறது, நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று நிவேதாவின் அப்பா இவள் வீட்டுக்கே வந்து சொன்னார். ஒரு வருஷம்தான் என்று பேச்சு, ரெண்டு தடவை கைவிட்டுப் போச்சு, நமக்கு எழுதி வைக்கவில்லை என்றார்கள் வீட்டில். அவளும் அடம் பிடிக்கவில்லை. திங்கட்கிழமை விடியற்காலை வெள்ளை வேனில் ஏறினாள். நான் அந்த வேன் சத்தத்தைப் படுக்கையில் இருந்தபடி கேட்டேன். அடுத்த மாசம் நான் காலேஜுக்குப் போனேன். கெமிக்கல் இன்ஜினியரிங். இப்போது நெம்மேலியில் கடல் தண்ணீரைக் குடிதண்ணீர் ஆக்குகிற ஆலையில், லேபில் வேலை. ஜோசப் பாலிடெக்னிக்கில் வாத்தியாராக இருக்கிறான், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

நம்பரை மாற்ற வேண்டுமானால் பழைய நம்பருக்கு ஒரு ஓடிபி போகும், அதைக் கேட்டு வாங்கிப் போட்டால் முடிந்தது. மற்றவர்கள் ஒவ்வொருத்தராக மாற்றிக்கொண்டார்கள். நான் மாற்றவில்லை. மாற்றினால் அவளைக் கூப்பிட எனக்குக் காரணம் இருக்காது. கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். அவள் எண்களைச் சொல்லி முடித்ததும் வைத்துவிடுவாள். சொல்லாமல் தப்பித்தோம் என்று ஒரு நிம்மதி வரும் பாருங்கள், அது வந்த நாள் பூரா எனக்கு லேபில் ஒரு வேலையும் ஓடாது, குடுவையைக் கையில் வைத்துக்கொண்டு நடந்துகொண்டே இருப்பேன்.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பதினோரு மணி, டியூட்டியில் இருந்தேன். போன் அதிர்ந்தது. ஆறு இலக்கம். விண்ணப்பப் பதிவுக்கான எண் என்று இருந்தது. நான் எதற்கும் விண்ணப்பிக்கவில்லை. ஏதோ ஏமாற்று வேலை என்று அழிக்கப் போனேன். அதற்குள் போன் அடித்தது. திரையில் ‘ஓடிபி’. எட்டு வருஷத்தில் அவளாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

“வந்துச்சாடி?”

என்ன வந்துச்சா என்று கேட்டேன். அவள் சொன்னது இவ்வளவுதான்: ஷிஃப்டு மாறிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை ஃப்ரீ, ஞாயிறு மட்டும் வகுப்பு வைக்கிற தொலைநிலைப் படிப்பில் பி.எஸ்சி. கணக்குக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் நம்பரைப் போட்டால், இந்த நம்பர் ஏற்கெனவே வேறொருவர் பேரில் பதிவாகியிருக்கிறது என்று கம்ப்யூட்டர் திருப்பி அனுப்புகிறது. அந்த வேறொருவர் நான்தான். போன வருஷம் அதே பல்கலைக்கழகத்தில் அஞ்சல் வழியில் ஒரு டிப்ளமோவுக்குப் பதிந்தபோது நானும் பழக்க தோஷத்தில் அவள் நம்பரைத்தான் கொடுத்திருந்தேன்.

“அதான் உன் நம்பர குட்த்துட்டேன். சொல்லு.”

போனை ஸ்பீக்கரில் போட்டு மெசேஜைத் தேடினேன். அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது, நடந்துகொண்டிருந்தாள். நான் எடுப்பதற்குள் அவளே பேசினாள். குரலில் கோபம் இல்லை, கிண்டலும் இல்லை, டீ பிரேக் நேரம் சொல்லுகிற அதே குரல்.

“அவசரம் இல்ல, பொறுமையா சொல்லு. நான் ஒரு தடவதான் அழுத்திகீறேன்.”

 அன்றைக்கு அந்த பஸ்ஸிலேயே தெரியும் அவளுக்கு. மூன்று மெசேஜ் அவள் கையில்தானே வந்து விழுந்தது, எண்ணத் தெரியாதவளா அவள்? எட்டு வருஷம், அத்தனை டீ பிரேக், அத்தனை ஆறு இலக்கம். அக்கா, அன்னிக்கு நான், என்று ஆரம்பித்தேன். அழுகை வந்துவிட்டது.

“அது கெடக்கு. மொத நம்பர சொல்லு, டைம் ஓடுது.”

ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒவ்வொன்றையும் அவள் திருப்பிச் சொல்லிக்கொண்டே போட்டாள். கொஞ்ச நேரம் செருப்புச் சத்தம் மட்டும். அப்புறம் அதுவும் நின்றது.

“உள்ள வுட்டுட்டான்” என்றாள். “வைக்காதடி. கடைசில இன்னொண்ணு வரும்.”

நான் வைக்கவில்லை.